சேம்பு எப்படி இருக்கு?

"அண்ணாச்சி! மெட்ராஸ்ல இருந்து போன்! மதினி லைன்ல இருக்காவ, ஓடி வாங்க!"

பக்கத்து வீட்டுப் பொன்மணி சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தியபோது ராமசுப்பு பழைய சோற்றில் கையை வைத்திருந்தார். கையை உதறிவிட்டு ஓடினார். ஓடாமல் என்ன செய்வது? வாரத்துக்கு ஒரே ஒரு போன். அதுவும் பக்கத்து வீட்டுப் போன்.

பொன்மணி வீட்டுக் கூடத்தில் அவள் புருஷன், மாமியார், மாமியாரின் தங்கச்சி எல்லோரும் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கார்கிலில் சண்டை நடந்த வருஷம் அது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூடத்தில் கார்கிலைவிட ராமசுப்பு வீட்டுச் சங்கதிக்குத்தான் மவுசு அதிகம்.

"ஹலோ" என்றார்.

"சேம்பு எப்படி இருக்கு?" என்றாள் அவர் பெண்டாட்டி செண்பகவல்லி.

எடுத்த எடுப்பில் அதுதான் கேள்வி. நல்லா இருக்கீங்களா கிடையாது. சாப்பிட்டீங்களா கிடையாது. முப்பத்தாறு வருஷம் கூடக் குடும்பம் நடத்திய புருஷன் இங்கே ஒற்றையில் கிடக்கிறான், அவளுக்குச் சேம்பு!

"நல்லா இருக்கு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சோறு வடிச்ச கஞ்சியை ஆற வெச்சு ஊத்துதீங்களா?"

"ஊத்துதேன்."

"சனிக்கிழமை சீயக்காத் தண்ணி போச்சா?"

"போச்சு."

"இலை எத்தனை?"

"அஞ்சு. ஒவ்வொண்ணும் முறம் கணக்கா விரிஞ்சு கிடக்கு."

"அப்படியா!" அவள் குரலில் பால் பொங்கியது. "அப்பக் கவலை இல்ல. பிள்ளைக்கு இன்னும் பால் மறக்கல. நான் ஆவணி கழிச்சு வாரேன்."

போனை வைத்துவிட்டாள். பொன்மணியின் மாமியார் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். டி.வி.யில் மறுபடி குண்டு வெடித்தது.

ஒன்றரை வருஷமாக இதே கதைதான். மெட்ராஸில் இருக்கிற மகன் இசக்கிராஜாவின் பெண்டாட்டி உமாதேவியின் பிரசவத்துக்கு என்று மூன்று மாசத்துக்குப் போனவள் செண்பகவல்லி. பிள்ளை குப்புற விழட்டும் என்றாள், விழுந்தது. தவழட்டும் என்றாள், தவழ்ந்தது. பல் முளைக்கட்டும், நடக்கட்டும் என்றாள். அந்தப் பிள்ளையும் சொன்னதையெல்லாம் செய்தது. பாட்டிதான் ஊர் திரும்பக் காணோம்.

ராமசுப்புவும் கூடவே மெட்ராஸில் போய் இருக்கலாமே என்று கேட்பவர்கள் கோவில்பட்டியில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். எந்நேரம் வரும் என்று குழாய்க்கே தெரியாது. அதைப் பிடிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். ஒரு தரம் மெட்ராஸ் போனவர், எட்டாம் நாளே 'தண்ணி வந்திருமே' என்று பதறி ரயில் ஏறினார். வந்து இறங்கி, இரண்டு அண்டா, நாலு டிரம், பதினாறு குடம் எல்லாவற்றையும் நிரப்பினார். நிரப்பியபின் உட்கார்ந்து பார்த்தார். இவ்வளவு தண்ணீரையும் குடிக்க வீட்டில் ஒரே ஒரு தொண்டைதான் இருந்தது.

இனி அந்தச் சேம்பின் கதை. செண்பகவல்லி தாமிரபரணிக் கரைக்காரி. ஏரலில் பிறந்தவள். பத்து வருஷத்துக்கு முன்னால் பிறந்த வீட்டு வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு கிழங்கை முந்தானையில் முடிந்து வந்து, குளியலறைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஊன்றினாள். குளித்த தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் வந்து விழுகிற இடம். "கரிசல்ல ஆத்தங்கரைச் செடியா? வெளங்குனாப்லதான்!" என்று தெருவே சிரித்தது. சேம்பு அதைக் காதில் வாங்காமல் வளர்ந்தது. சித்திரை வெயிலில் ஊர் நிலமெல்லாம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும்போது, அது மட்டும் குளுகுளுவென்று நிற்கும்.

ராமசுப்புவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவர் தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். வேலையே ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். ஒரு மேகம் கறுத்தாலும் "குச்சியை அள்ளு! நமுத்துப் போவுது!" என்று கத்திக் கத்தியே தொண்டை போனவர். ஈரத்தில் சொகுசாகக் கால் நீட்டிக் கிடக்கிற ஒரு செடிக்கு, ஓய்வு பெற்ற பிறகு இப்படிப் பணிவிடை செய்ய நேர்ந்ததை என்னவென்று சொல்ல!

சாயங்காலம் ஆனால் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஏசுவார். "உன்னத்தான் கேக்கா. என்னக் கேக்கல. நீ பெரிய ஆளுதான்." வேறு யாரிடம் பேச? பேசி முடித்து ஒரு கைப்பிடி அரிசி போட்டுப் பொங்குவார். இரண்டு கைப்பிடி போட்ட பழக்கம் போக ஐந்து மாசம் ஆயிற்று. அந்தப் பழக்கம் போன பிறகுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

அடுத்த ஞாயிறு, சும்மா பேச்சுக்குச் சொன்னார். "ஒரு இலை மஞ்சளா இருக்கு."

"என்னது, மஞ்சளா? எத்தனை நாளா?" குரல் கிறீச்சிட்டது. "காம்பு தொவண்டிருக்கா? ஐயோ, கஞ்சித்தண்ணி போகலையா? ஏலே இசக்கிராஜா, இங்க வா! நான் வேணா இன்னைக்கே கிளம்பி வரட்டுமா?"

ராமசுப்புவுக்கு வேர்த்தது. ஒன்றரை வருஷமாகக் கிடைக்காத வார்த்தை! "ஆமா, தொவண்டு..." என்று ஆரம்பிப்பதற்குள் பொன்மணி போனைப் பிடுங்கினாள்.

"மதினி, பயப்படாதீங்க! பழுத்த இலை ஒண்ணு உதிருது, அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் ஜம்முன்னு நிக்கி. நான்தான் தெனம் சுவருக்கு மேல பாக்கேனே!"

"அப்ப சரி பொன்மணி. வயித்துல பாலை வாத்த. ஆவணி வேண்டாம், நான் தீவாளியை ஒட்டி வாரேன்."

அன்றைக்கு ராமசுப்பு வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தார். 'வந்துரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பொன்மணி வீட்டுச் சபையில், அத்தனை பேர் மத்தியில், அறுபது வயசு மேஸ்திரி 'நீ இல்லாம இருக்க முடியல, வந்துரு' என்று சொன்னால் மறுநாள் தெருவில் தலைகாட்ட முடியுமா? அவர் சொல்லி அவள் வர மாட்டாள். சேம்பு வாடினால் வருவாள். அப்படியென்றால் சேம்பு சாக வேண்டும். முடிவு கட்டிவிட்டார்.

கோவில்பட்டியில் ஒரு செடியை வளர்ப்பதுதான் கஷ்டம், சாகடிப்பது என்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தார். பாவம்.

முதலில் தண்ணீரை நிறுத்தினார். அவர் குளித்தால்தானே அதற்குத் தண்ணீர்? குளிக்கவில்லை. உலை வைக்கவும் இல்லை. மூன்று வேளையும் கடை இட்லி. மூன்றாம் நாள் பேப்பர் போடுகிறவன் வாசல் வரைக்கும் வராமல் தெருவிலிருந்தே விட்டெறிந்தான். ஐந்தாம் நாள் பொன்மணியின் புருஷன் வந்து, "அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும்..." என்று தூரத்தில் நின்றே விசாரித்தார். ராமசுப்பு ஆவலோடு கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். சேம்பு முன்னைவிடச் செழிப்பாக நின்றது. புதுசாக ஓர் இலை சுருள் அவிழ்ந்திருந்தது.

"நான்தான் அண்ணாச்சி!" சுவருக்கு மேலே பொன்மணியின் தலை. "தரை காஞ்சு கிடந்துச்சு. அஞ்சு நாளா எங்க வீட்டுத் துணி அலசுன தண்ணியெல்லாம் இதுக்குத்தான் ஊத்துதேன். மதினிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்லா?"

"நல்லா இருப்ப தாயி" என்றார் ராமசுப்பு. வேறு என்ன சொல்வது? அன்றைக்குக் குளித்தார்.

அடுத்து ஆடு. தெருக்கோடியில் சந்தனமாரி என்றொரு அம்மாள் கிடா வளர்த்தாள். சினிமா போஸ்டரைப் பசையோடு தின்கிற கிடா. அதைக் கொல்லைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். கிடா ஒரு இலையை ஆசையாக ஒரு வாய் கடித்தது. அவ்வளவுதான். பச்சைச் சேம்பு அரிக்கும் என்று ராமசுப்புவுக்குத் தெரியும். ஆட்டுக்கும் அரிக்கும் என்று தோன்றவில்லை. கிடா வாயைச் சுவரில் தேய்த்தது, துள்ளியது, இரண்டு குடத்தை உருட்டியது. பத்து நாள் தண்ணீரில் இரண்டு நாள் தண்ணீர் நேராகச் சேம்பின் காலடிக்குப் போயிற்று. அவர் கிடாவைப் பிடிக்க விரட்டினார்.

"எம் பிள்ளை வாயில என்னவே வெச்சீரு?" என்று சந்தனமாரி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மணி போனில் சொன்னாள்: "மதினி, அண்ணாச்சி அந்தச் செடி மேல உசுரையே வெச்சிருக்காவ! ஆடு புகுந்துட்டுன்னு இந்த வயசுலயும் ஓடி ஓடி விரட்டினாவ பாத்துக்கோங்க!"

"அப்படியா! ஓடினாவளா?" செண்பகவல்லி சிரித்த சிரிப்பு ரிசீவருக்கு வெளியே கேட்டது. அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ராமசுப்புவுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணம் அவள், "அப்ப நான் கார்த்திகைக்கு வாரேன்" என்றாள்.

மூன்றாவது, கடப்பாரை. விடிந்தும் விடியாமலும் போய்ச் சேம்பை வேரோடு கெல்லினார். கிழங்கு பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. கோபத்தில் அதைக் கொத்திக் கொத்தி அங்கேயே எறிந்தார். கொத்தி முடித்துத் திரும்பினால் சுவருக்கு மேல் தலை.

"கிழங்கைப் பிரிச்சு வைக்கீங்களா அண்ணாச்சி? நல்ல காரியம். நெருக்கிக்கிட்டுத்தான் கிடந்துச்சு."

அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. டிரம் வழிந்து கொல்லையெல்லாம் ஓடியது. பத்தே நாள். ஒன்று இருந்த இடத்தில் பதினோரு சேம்பு தலை நீட்டின. ராமசுப்பு ஸ்டூலில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏச வாய் வரவில்லை. "உங்களுக்காவது கூட்டம் சேந்துச்சே" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேப்பம்பூ கண்ணில் விழுந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆடி மாசத்தில் ஏது வேப்பம்பூ!

அந்த ஞாயிறு பொன்மணி பதினோரு செடி என்று சொல்ல, செண்பகவல்லி பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

இனிப் பொய்தான் வழி. பொன்மணி வீட்டுப் போனில் பொய் சொல்ல முடியாது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அவர்கள் குடும்பத்தோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள், மறுநாள்தான் வருவார்கள். ராமசுப்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அங்கே போன பிறகு இன்னொரு சங்கடம். முப்பத்தாறு வருஷத்தில் செண்பகவல்லியிடம் அவர் சொன்ன பொய் ஒன்றுகூட நின்றதில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"அய்யாத்துரை, நீரே பேசும்" என்று பூத்துக்காரரிடம் நம்பரைக் கொடுத்தார். "சேம்பு செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும். போதும்."

"சேம்பா? நாய்க்குட்டியா அண்ணாச்சி?"

"செடிவே."

"செடி செத்ததுக்கா எஸ்.டி.டி.?"

"சொல்லும்வே!"

அய்யாத்துரை அந்த பூத்திலிருந்து ஊருக்கு எத்தனையோ துக்கச் சேதி சொன்னவர். 'செத்துப்போச்சு' என்று வாயைத் திறந்ததுமே பழக்கத்தில் குரல் தழுதழுத்துவிட்டது.

"ஹலோ... கோவில்பட்டியில இருந்து பேசுதேம்மா. ராமசுப்பு அண்ணாச்சி வீட்டுல இருந்து ஒரு தகவல். மனசைத் திடப்படுத்திக்கோங்க. சேம்பு... செத்துப்போச்சும்மா. ஆமா. இன்னைக்குக் காலையில. வேரோட போச்சு. சீக்கிரம் வந்து சேருங்க." வைத்துவிட்டு, "உங்க மருமவப் பொண்ணு எடுத்துச்சு. ஒண்ணும் பேசல அண்ணாச்சி, ஓன்னு ஒரு சத்தம்தான்" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றார் ராமசுப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பொன்மணி வீட்டில் போன் அடித்தது. நிற்கும், மறுபடி அடிக்கும். ராமசுப்பு சுவர் ஓரமாக ஸ்டூலைப் போட்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும், அடிக்கட்டும். அவள்தான் கூப்பிடுகிறாள். சேம்புக்காகத்தான் என்றாலும் கூப்பிடுகிறது இந்த வீட்டைத்தானே? இருபத்திரண்டு தரம் அடித்தது. அப்படி ஒரு நிம்மதியோடு அவர் தூங்கி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

காலையில் வேப்பங்குச்சியும் வாயுமாகக் கதவைத் திறந்தால், வாசலில் ஒரு வேன். ஏரல் மச்சினன் சோலைராஜ், அவன் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஏழெட்டு ஆண்கள். சோலைராஜ் கையில் ஆள் உயர ரோஜா மாலை.

"வா மாப்பிள்ளை. என்ன விசேஷம்?" என்றார் ராமசுப்பு.

சோலைராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தான். காலைப் பார்த்தான். தரையில்தான் பட்டிருந்தது. மெதுவாக மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஏழெட்டு ஆண்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரைக்கு மேல் தெரிந்த வேப்பமரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தோளில் இருந்த சங்கை வேட்டிக்குள் செருகினார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது செண்பகவல்லி. தலை கலைந்து, முகம் வீங்கி, ராத்திரி முழுக்க ரயிலில் அழுதுகொண்டு வந்தவள். பின்னால் மகன் இசக்கிராஜா, இடுப்பில் பிள்ளையோடு உமாதேவி. செண்பகவல்லி ராமசுப்புவைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். அவரைத் தாண்டி விறுவிறு என்று கொல்லைக்குப் போனாள்.

அங்கே பதினோரு சேம்பும் காலை நேரத்துக் காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றன. அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னால் வந்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

"செண்பகம், ஏசாத" என்றார் ராமசுப்பு, குச்சியைத் துப்பிவிட்டு. "சேம்புக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். செடி செத்தாத்தான் நீ வருவன்னு... எனக்கு ஒத்தையில இருக்க முடியலட்டி."

சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். காது சிவந்துபோய் நின்றார். அந்த நேரம் பார்த்து, இருக்கன்குடியிலிருந்து மஞ்சளும் வேப்பிலையுமாக வந்து இறங்கிய பொன்மணி, அவர் சொன்னதைக் காதில் வாங்கியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சோலைராஜ் முதுகுக்குப் பின்னால் இருந்த மாலையையும் வேட்டிக்குள்ளிருந்து துருத்திய சங்கையும் பார்த்தாள்.

"இது என்ன கூத்து? ஒரு சேம்பஞ்செடி செத்ததுக்கா மாலையும் சங்குமா வந்திருக்கீங்க? அந்தச் செடி மேல மதினிக்கு அம்புட்டு ஆசையா?"

பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு உமாதேவிதான் சொன்னாள்:

"செடியை யாரு சித்தி கேட்டா? அது மாமா குளிச்ச தண்ணியிலயும் சோறு வடிச்ச கஞ்சியிலயும்தானே பிழைச்சுக் கிடக்கு. உங்க கூடத்துல அத்தனை பேரும் எங்க வீட்டுல நாங்களும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, புருஷன் நல்லா இருக்காவளான்னு அத்தை வேற எப்படிக் கேப்பாவ?"